ஜோஷுவா ட்ரீயின் பெரும்பாறைகளும் வீட்டு நாய்களும்: எதுவரை கூட்டிப்போகலாம்?

2024 அக்டோபர் 12, காலை (வாசகர் கேள்வி)

டிசம்பர் விடுமுறையில் கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்கு எங்கள் இரண்டு நாய்களோடு போகலாம் என்றிருக்கிறோம். நடைத்தடங்களில் நாய்களுக்கு அனுமதி இல்லையாம். கல்லும் மணலும் மட்டுமே இருக்கிற இடத்தில் நாய் எதைக் கெடுத்துவிடப் போகிறது? விடியற்காலையில் ஆளரவம் இல்லாதபோது பாறைகளுக்குள் கூட்டிப்போய் வந்துவிடலாம் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

அக்டோபர் 12, இரவு

கூட்டிப்போகாதீர்கள். நாய்களோடு ஜோஷுவா ட்ரீக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் பாறைகளுக்குள் நுழையும் அந்தத் திட்டத்தை மட்டும் கைவிடுங்கள். குளிர்காலம் வந்தால் எங்கள் நாய்கள் இரண்டோடும் அங்கே போய்த் தங்குவது எங்கள் வழக்கம். மூத்தவன் பாண்டிக்கு மூட்டுவலி உண்டு. இளையவள் மின்னிக்குக் காற்றில் ஒரு வாசம் வந்தால் போதும், நாலுகால் பாய்ச்சலில் கிளம்பிவிடுவாள். இந்த இருவரையும் வைத்துக்கொண்டு அந்தப் பூங்காவை மனநிறைவோடு பார்க்க முடிகிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

சாலைகள், முகாம் மைதானங்கள், அமர்ந்து உணவருந்தும் திடல்கள் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள் நாய் இருக்கலாம் என்பது விதி. வார் 6 அடிக்கு மேல் நீளக் கூடாது. நடைத்தடங்களிலும் அவற்றுக்கு அப்பாலுள்ள காட்டிலும் அனுமதி கிடையாது. எங்கேனும் கட்டிப்போட்டுவிட்டு நாம் மட்டும் அகன்றுவிடவும் கூடாது. கேட்பதற்கு இறுக்கமாக இருக்கும். ஆனால் பூங்காவின் மண் சாலைகள் எல்லாம் சாலைக் கணக்கில்தான் வருகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குயின் பள்ளத்தாக்கின் ஊடே ஓடும் மண் சாலைகளில் நாயோடு மணிக்கணக்கில் நடக்கலாம். இரண்டு பக்கமும் பாறைக்குன்றுகளும் ஜோஷுவா மரங்களும் உடன் வந்துகொண்டே இருக்கும். 18 மைல் நீளமுள்ள ஜியாலஜி டூர் சாலையும் அப்படித்தான். ஜம்போ ராக்ஸ் முகாம் மைதானத்திலோ, கூடாரம் போடும் இடங்களே பாறைகளின் அடிவாரத்தில்தான் அமைந்திருக்கின்றன. மண்டையோட்டின் வடிவத்தில் குழிந்த கண்களோடு நிற்கும் ஸ்கல் ராக், சாலையோரத்தில் நின்றாலே தெரிகிறது.

அக்டோபர் 13

'நாய் எதைக் கெடுத்துவிடப் போகிறது' என்ற கேள்விக்கு நேற்று நான் பதில் சொல்லவில்லை. அது நியாயமான கேள்வி. விதியை மட்டும் ஒப்பிப்பது அதற்குப் பதிலாகாது.

முதலில் பாலைவன ஆமையைச் சொல்கிறேன். மொஹாவி பாலைவனத்தின் ஆமைகள் 1990 முதல் அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகச் சட்டப்படி பாதுகாக்கப்படுகின்றன. மழை பெய்யும் அரிய நாட்களில் குடிக்கும் நீரைச் சிறுநீர்ப்பையில் சேமித்து வைத்துக்கொண்டு, அதைக் கொண்டே மாதக்கணக்கில் காலந்தள்ளும் உயிரினம் அது. பயந்துவிட்டால் சேமித்த நீர் முழுவதையும் அந்த இடத்திலேயே வெளியேற்றிவிடும். அடுத்த மழை எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாத நிலத்தில், அந்த இழப்பே அதன் உயிருக்கு உலை வைத்துவிடலாம். நாய் கடிக்கவே வேண்டியதில்லை. ஆர்வத்தோடு மூக்கை நீட்டி ஒரு முறை புரட்டிப் பார்த்தாலே போதும்.

அடுத்தது நாம் வெறும் மணல் என்று நினைக்கும் தரை. பல இடங்களில் அதன் மேற்பரப்பில் நீலப்பச்சைப் பாக்டீரியா, பாசி, பூஞ்சை, லைக்கன் எல்லாம் சேர்ந்து உயிருள்ள ஒரு மேலோட்டை உண்டாக்கியிருக்கும். மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போகாமல் பிடித்து வைப்பதும், மழைநீரைத் தேக்கிக்கொள்வதும், செடிகளுக்கு வேண்டிய நைட்ரஜனைச் சேர்ப்பதும் அதுதான். குனிந்து பார்த்தால் கருமை படிந்த சிறு மேடுபள்ளங்களாகத் தெரியும். காலடி பட்டால் நொறுங்கும். மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். மனிதர் தடத்தைவிட்டு விலகக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். வாசத்தைப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடும் நாயிடம் தடத்தைவிட்டு விலகாதே என்று சொல்ல முடியுமா?

மூன்றாவது, வாசம். நாய் தன் வாசத்தை விட்டுச்சென்ற இடத்தைப் பெருங்கொம்பு ஆடுகள் வேட்டை விலங்கு நடமாடும் இடமாகக் கொள்கின்றன. நீருக்காக வரும் வழியிலேயே அந்த வாசம் இருந்தால், அவை நீரைவிட்டு விலகிப் போகக்கூடும்.

அக்டோபர் 13, மாலை

ஆளில்லாத நேரம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 டிசம்பரிலிருந்து 2019 ஜனவரி வரை அமெரிக்க அரசு நிதி ஒதுக்கீடு இல்லாமல் 35 நாட்கள் முடங்கிக் கிடந்தபோது, பூங்காவில் கண்காணிக்கப் போதிய ஆட்கள் இல்லை. வண்டிகள் சாலையைவிட்டு இறங்கிப் புதுத் தடங்களை உண்டாக்கின. ஜோஷுவா மரங்கள் வெட்டப்பட்டன. அந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை. நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லர் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அக்டோபர் 16

இதுவரை பூங்காவின் பக்கம் நின்று பேசினேன். இப்போது நாயின் பக்கம்.

அந்தப் பாறைகள் எப்படி உண்டாயின என்று தெரிந்துகொண்டால், நாய்க்கு அவை ஏன் ஒத்துவராது என்பதும் விளங்கிவிடும். 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமிக்கடியில் எழுந்துவந்த பாறைக்குழம்பு, மேலே வராமலேயே ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து மான்சோகிரானைட் என்னும் கருங்கல் வகையாக இறுகியது. மேலே அழுத்திக்கொண்டிருந்த பாறைகள் காலப்போக்கில் அரித்துப்போகவே, அது விரிந்து கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் வெடிப்பு விட்டது. அந்த வெடிப்புகளின் வழியே இறங்கிய நிலத்தடி நீர், தண்ணீரில் போட்ட வெல்லக்கட்டியின் முனைகள் முதலில் கரைவதைப் போல, கல்லின் மூலைகளை முதலில் உதிரவைத்து, அதை உருண்டையாக்கியது. பிறகு தட்பவெப்பம் வறண்டு, திடீர் வெள்ளங்கள் மேல்மண்ணை அடித்துச்சென்றபோது, மண்ணுக்குள் உருண்டிருந்த பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து வெளியே தெரிந்தன. இன்று நாம் அண்ணாந்து பார்ப்பது அவற்றைத்தான்.

ஆகையால் அங்கே உள்ள பாறைகளுக்குப் படிபோன்ற விளிம்பு கிடையாது, எல்லாம் உருண்டை. உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே கால் நுழையும் இடுக்குகள் உண்டு. மேற்பரப்போ பெரிய படிகங்கள் துருத்திக்கொண்டு நிற்கும் சொரசொரப்பு. பாறை ஏறுபவர்களின் காலணிக்கு அதுவே நல்ல பிடிப்பைத் தருகிறது. உலகெங்கிலுமிருந்து அவர்கள் அங்கே வருவதும் அதற்காகத்தான். நாயின் பாதத்தை அது உப்புத்தாள்போல் தேய்த்துவிடுகிறது. ஒரு மாலை முழுவதும் மண் சாலையில் நடந்துவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பியபோது பாண்டியின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். கறுத்திருந்த பாத மெத்தையின் ஓரம் சிவந்து, மேல்தோல் ஒரு நூலளவு உரிந்து தொங்கியது. விரல்களுக்கு நடுவில் முடியோடு சிக்கியிருந்த வெள்ளைக் கல்துகள் ஒன்று ஒரு பக்கம் கத்திமுனையாகக் கூர்ந்திருந்தது. அவனோ நொண்டவேயில்லை. நாய்கள் வலியை மறைத்துக்கொண்டு நம்மோடு நடந்துவருபவை. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் நாலு பாதத்தையும் திருப்பிப் பார்ப்பது நம் பொறுப்பு.

ஏறுவது அவற்றுக்கு எளிது, இறங்குவதுதான் பாடு. மின்னி ஒரு முறை முகாம் மைதானத்தில் எங்கள் மேசைக்குப் பின்னாலிருந்த பாறையில், வாரின் நீளத்துக்குள்ளேயே, தாவி ஏறிவிட்டாள். ஆள் உயரத்துக்கும் சற்றுக் குறைவான பாறைதான். ஏறிய பிறகு விளிம்பில் நின்று முன்காலை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக முனகத் தொடங்கினாள். நாயின் எடையில் பெரும்பகுதி முன்காலில் இருக்கிறது. சரிவில் தலைகீழாக இறங்கும்போது அந்த எடை முழுவதும் தோளிலும் மணிக்கட்டிலும் விழும். நகத்துக்கோ கருங்கல்லில் பிடி கிடைக்காது. நானும் மகனும் இரண்டு பக்கமும் நின்று மார்பையும் பின்தொடையையும் தாங்கி இறக்கினோம். அதே இடம் கூடாரத்துக்கு அருகில் இல்லாமல், யாருமற்ற பாறைக்கூட்டத்துக்குள் 30 அடி உயரத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். பூங்காவின் உட்பகுதியில் பெரும்பாலும் செல்பேசிச் சமிக்ஞையும் கிடைக்காது.

அக்டோபர் 17

இடுக்குகளைப் பற்றி எழுதியபோதே பாம்பைப் பற்றியும் எழுதியிருக்க வேண்டும். கிலுகிலுப்பைப் பாம்புகள் வெயிலுக்கும் குளிருக்கும் ஒதுங்குவது அந்த இடுக்குகளில்தான். குளிர்காலத்தில் அடங்கிக் கிடக்கும் என்றாலும், வெதுவெதுப்பான நாளில் வெளியே வந்து படுத்திருக்கும். நாய் எதையும் மூக்கை நுழைத்தே விசாரிக்கும் என்பதால் முகத்தில்தான் பெரும்பாலும் கடி விழுகிறது. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டுபோய்க் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பது ஒன்றே வழி. அதனால் புறப்படும் முன்பே, பக்கத்து ஊரில் விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் மருத்துவமனை எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 27

சொய்யா கள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பூங்காவின் மேற்குப் பகுதி உயரமான மொஹாவி பாலை. கிழக்கே இறங்க இறங்கக் கொலராடோ பாலை வருகிறது. டெடிபேர் சொய்யா என்னும் கள்ளி அடர்ந்து நிற்பது அந்த இடைநிலத்தில். வெயில் பின்னாலிருந்து விழும்போது முள்ளெல்லாம் ஒளிர்ந்து பஞ்சுபோலத் தெரியும். அதன் கணுக்கள் லேசாக உரசினாலே கழன்று ஒட்டிக்கொள்ளும். காற்றில் உதிர்ந்து சாலையோரத்திலும் உருண்டு கிடக்கும். சொய்யாத் தோட்டத்தின் நடைத்தடத்தில் நாய்க்கு அனுமதி இல்லை என்பது நல்லதாகப் போயிற்று.

மின்னியின் முன்னங்காலில் ஒரு கணு ஒட்டிக்கொண்டது வண்டியைவிட்டு இறங்கிய இடத்திலேயே. அவள் உடனே வாயால் பிடுங்கப் போனாள். அதுதான் பேராபத்து, ஏனென்றால் முள் பிறகு உதட்டிலும் நாக்கிலும் ஏறிவிடும். மனைவி அவள் தலையைத் தன் மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். நான் அகலப் பல் சீப்பை முள்ளுருண்டைக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, அவளிடமிருந்து விலகும் திசையில் ஒரே வீச்சில் தெறிக்கவிட்டேன். மிச்சம் நின்ற முட்களைக் குறட்டால் ஒவ்வொன்றாக, நேராக இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. அந்த முள்ளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத பின்னோக்கிய செதில்கள் உண்டு; அதனால் இழுக்கும்போது தோல் கூடாரம்போல் எழும்பி, பிறகுதான் விடும். கையால் தொட்டால் உங்கள் விரலும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். சீப்பும் குறடும் எங்கள் வண்டியில் இப்போது நிரந்தரமாக இருக்கின்றன. வாய்க்குள்ளோ கண்ணருகிலோ முள் ஏறிவிட்டால் நீங்களாக முயலாதீர்கள்; மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

நவம்பர் 3

வெயிலைப் பற்றித் தனியே எழுதுகிறேன். டிசம்பரில்தானே போகிறோம் என்று இருந்துவிட வேண்டாம்.

நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், அதுவும் கொஞ்சம். உடல்சூட்டைத் தணிக்க அது நம்பியிருப்பது நாக்கை நீட்டி மூச்சிளைப்பதைத்தான். அதன் இயல்பான உடல்சூடு ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாக்கு நீண்டு, எச்சில் கெட்டியாகி, ஈறு செங்கல்நிறமாகி, கால் தள்ளாடினால் அது களைப்பு அன்று. உடனே நிழலில் படுக்கவைத்து உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். சூட்டைத் தணிக்கத் தொடங்கிவிட்டுத்தான் மருத்துவரிடம் புறப்பட வேண்டும். தட்டை மூக்கு நாய்கள் சரிவர மூச்சிளைக்க முடியாதவை; அவற்றைக் குளிர்காலத்திலும் நடுப்பகலில் நடத்தாதீர்கள். உட்பகுதியில் குடிநீர்க் குழாய் எதுவும் இல்லாததால், நாய்க்கான நீரையும் நாம்தான் சுமந்துசெல்ல வேண்டும்.

வண்டி இன்னும் மோசம். வெளியே இதமாக 21 டிகிரி இருக்கும்போதே, மூடிய காரின் உள்ளே அரைமணி நேரத்தில் 40 டிகிரியாகிவிடும். 'ஆர்ச் ராக் வரைக்கும்தானே, பத்து நிமிடத்தில் ஓடிவந்துவிடுவோம்' என்று நாயை வண்டியில் விட்டுப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் முறைவைத்துக்கொள்கிறோம்: ஒருவர் நாய்களோடு சாலையோர நிழலில் இருக்க, மற்றவர்கள் நடைத்தடத்தில் போய்வருவார்கள், பிறகு ஆள் மாறும். குடும்பமாகச் சேர்ந்து பார்க்க முடியவில்லையே என்ற குறை முதலில் பிள்ளைகளுக்கு இருந்தது. இப்போது நாய்களோடு இருக்கும் முறைக்குத்தான் போட்டி.

நவம்பர் 5

முன்பு எழுதியதையெல்லாம் மறுபடி படித்துப் பார்த்தேன். விதியில் குறையே இல்லை என்பதுபோல் தோன்றிவிடக் கூடாது. நாய்க்கு அனுமதி உள்ள இடங்களில் முதலாவது சாலையோரம். தார்ச்சாலைதான் பூங்காவிலேயே அதிகமாகச் சுடும் தரை, வண்டிகள் விரையும் இடமும் அதுவே. எனவே தார்ச்சாலையை வண்டிக்கு விட்டுவிட்டு மண் சாலையைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பதே என் முடிவு. தரையில் புறங்கையை வைத்து ஏழு விநாடி எடுக்காமல் இருக்க முடியாவிட்டால் நாயை அங்கே நடத்தக் கூடாது. மணலுக்கும் இதே சோதனைதான்.

ட்வென்டினைன் பாம்ஸ் ஊரருகே உள்ள மாரா சோலையின் தளமிட்ட பாதையில் நாய்க்கு அனுமதி உண்டு. அங்கே பெரும்பாறை இல்லை. ஆனால் மூட்டுவலிக்காரனான பாண்டிக்கு அந்தப் பனைமர நிழல் மிகவும் பிடித்த இடம்.

நவம்பர் 24

நாயும் கூடவே நடக்க வேண்டும், பாறைக்குள்ளேயும் போக வேண்டும் என்று விரும்புகிறவர்கள் விதியை மீற வேண்டியதில்லை. இடத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

நியூ மெக்சிகோவின் சிட்டி ஆஃப் ராக்ஸ் மாநிலப் பூங்காவை முதலில் சொல்வேன். ஏறக்குறைய 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும் எரிமலை ஒன்று கக்கிய சாம்பல் இறுகிப் பாறையாகி, பிறகு அரிக்கப்பட்டு 40 அடி உயரம் வரையிலான தூண்களாக நிற்கிறது. தூண்களுக்கு நடுவே தெருக்கள்போல் மணல்வழிகள் ஓடுகின்றன. வார் பிடித்துக்கொண்டு அந்தத் தெருக்களில் நாயோடு நடக்கலாம். ஏற வேண்டிய தேவையே இல்லை. பாண்டியைப் போன்ற மூத்த நாய்க்கு இதைவிட நல்ல பாறை நிலத்தை நான் பார்க்கவில்லை.

யூட்டாவின் காப்ளின் பள்ளத்தாக்கு மாநிலப் பூங்காவிலும் வாரோடு நாயைக் கூட்டிப்போகலாம். மென்மையான அடுக்கு அரிக்கப்பட்டு, கடினமான அடுக்கு தொப்பிபோல் மேலே நிற்கும் ஆயிரக்கணக்கான மணற்கல் உருவங்கள் அங்கே உண்டு. 2013-இல் சாரணர் தலைவர்களாக இருந்த சிலர் அவற்றில் ஒன்றைத் தள்ளிவிட்டு, அதைக் காணொளியாகவும் வெளியிட்டார்கள், வழக்கு நடந்தது. எத்தனையோ யுகங்களாக நின்றதைச் சாய்க்க ஒரு மனிதனின் தோள்பலமே போதுமாக இருந்தது. நிழல் குறைவு என்பதால் கோடையில் நாயோடு அங்கே போகாதீர்கள்.

தேசியப் பூங்காதான் வேண்டுமென்றால் அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் இருக்கிறது. தளமிட்ட பாதைகள் எல்லாவற்றிலும், காட்டுப் பகுதியிலுங்கூட, வாரோடு நாய்க்கு அனுமதி தரும் அரிய தேசியப் பூங்கா அது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கல்மரத் துண்டு எதையும் எடுத்துவரக் கூடாது. மின்னியைப் போல் கண்டதைக் கவ்விக்கொள்ளும் நாய் என்றால் வண்டியில் ஏற்றும் முன் வாயைத் திறந்து பாருங்கள்.

சியரா நெவாடாவின் அடிவாரத்திலுள்ள அலபாமா குன்றுகளையும் மறக்க வேண்டாம். ஜோஷுவா ட்ரீயைப் போலவே உருண்டு திரண்ட கருங்கல் நிலம். 2019-இல் தேசிய எழில்நிலமாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்காவின் நாய் விதி அங்கே இல்லை. ஆனால் நான் ஆமையையும் மண்ணின் மேலோட்டையும் பற்றி எழுதியதற்கு எல்லைக்கோடு கிடையாது. விதி தளர்ந்த இடத்தில் வாரை நாம்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

2025 ஜனவரி 11

போய்வந்ததை எழுதியதற்கு நன்றி. ஜம்போ ராக்ஸில் தங்கி மண் சாலையிலேயே நடந்ததும், பெரியவர்கள் முறைவைத்துத் தடங்களைப் பார்த்ததும் கேட்க நிறைவாக இருந்தது. நாய்க்காலணி கழன்று கழன்று விழுந்தது என்றீர்கள். வீட்டில் ஒரு வாரமாவது போட்டு நடக்கப் பழக்கினால்தான் அவை நிற்கும். வெளியில் அரைமணிக்கு ஒரு முறை கழற்றி உள்ளே சேர்ந்த மணலைக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் காலணியே புண்ணாக்கிவிடும்.

இரவில் நாய்கள் இரண்டும் கூடாரத்தில் நடுங்கின என்றும் எழுதியிருந்தீர்கள். பாறை பகல்சூட்டைக் கொஞ்ச நேரம்தான் வைத்திருக்கும். குளிர்காலத்தில் பின்னிரவு உறைநிலைக்குக் கீழே போகும். தரையிலிருந்து ஏறும் குளிர்தான் நாயை வாட்டுவது; ஆகவே மேலே போர்த்துவதைவிட அடியில் தடித்த விரிப்புப் போடுவது முக்கியம்.

இன்னொன்று. உங்கள் சின்ன நாய் முகாமில் குழி தோண்டிக்கொண்டே இருந்தது என்றீர்கள். தென்மேற்குப் பாலை மண்ணில் பள்ளத்தாக்குக் காய்ச்சலை உண்டாக்கும் பூஞ்சை உண்டு. மண்ணைக் கிளறும்போது அதன் நுண்வித்துகள் மூச்சோடு உள்ளே போகும். எல்லா நாய்க்கும் நோய் வருவதில்லை. ஆனால் வரும் வாரங்களில் விடாத இருமலோ, காய்ச்சலோ, காரணமில்லாத நொண்டலோ கண்டால் மருத்துவரிடம் பாலைவனத்துக்குப் போய்வந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த நோய் இல்லாத ஊரின் மருத்துவர், நீங்கள் சொன்னாலொழிய, அதற்கான ரத்தப் பரிசோதனையை நினைத்துப் பார்க்க மாட்டார்.